திங்கட்கிழமையைச் சுமந்துகொண்டு மலையேறுகிறவர்கள்

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் நின்று பார்த்தால் இரண்டு வகைப் பைகள் கண்ணில் படும். ஒன்று ஊருக்குப் போகிறவர்களின் பை. துணிக்கடைப் பெயர் அச்சடித்த கட்டைப்பை, அதற்குள் அப்பாவுக்கு மாத்திரை, தங்கச்சி பிள்ளைக்குப் பொம்மை, மேலே செருகிய தண்ணீர் பாட்டில். இன்னொன்று இடுப்பில் பெல்ட் போட்டுக் கட்டுகிற உயர முதுகுப்பை. பக்கவாட்டில் சுருட்டிய பாய், தொங்கும் ஷூ, நெற்றியில் மாட்டுகிற டார்ச். இந்த இரண்டாவது வகை பத்து வருடத்துக்கு முன் அபூர்வம். இப்போது சேலம் பஸ், திருவண்ணாமலை பஸ், தேனி பஸ் என்று எதில் ஏறினாலும் நாலைந்து பேராவது இருக்கிறார்கள்.

சோழிங்கநல்லூர், பெருங்குடி, சிறுசேரி, மறைமலை நகர், மகேந்திரா சிட்டி ஆகிய இடங்களில் வேலை. வேளச்சேரி, மேடவாக்கம், சேலையூர், குரோம்பேட்டையில் வாடகை வீடு அல்லது பி.ஜி. சம்பளம் வருகிறது, சனி ஞாயிறு லீவு வருகிறது. ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஃபிளாட், டிராஃபிக், மெட்ரோ தோண்டிய பள்ளம். தென்சென்னைப் புறநகருக்கு ஒரு வசதி உண்டு. சென்னையிலிருந்து தமிழ்நாட்டின் மலைகளுக்குப் போகிற சாலைகளில் பல இந்த வாசல் வழியாகத்தான் போகின்றன. 2021-ல் மாநகராட்சியான தாம்பரத்துக்குச் சொந்த ரயில் முனையம் இருக்கிறது. 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கம் முனையம் வண்டலூருக்கு அடுத்து. கோயம்பேட்டுக்குப் போக ஒன்றரை மணி நேரம் பிதுங்கி நின்ற காலம் முடிந்து, ஆபீஸ் முடித்து வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டே பஸ் ஏறலாம்.

எங்கே போகிறார்கள்? அரை இரவுத் தொலைவில் ஏலகிரி, ஜவ்வாது மலை, பர்வதமலை. முக்கால் இரவுக்கு ஏற்காடும் கொல்லிமலையும். முழு இரவும் உட்கார்ந்தால் கொடைக்கானல், தேனிப் பக்கம், நீலகிரி, வெள்ளியங்கிரி. ரயிலில் நீட்டிப் படுத்தால் செங்கோட்டை, நாகர்கோவில்.

கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். சனி காலை அடிவாரம். மதியத்துக்குள் ஏற்றம். இரவு கூடாரம் அல்லது எஸ்டேட் அறை. ஞாயிறு காலை சூரிய உதயம், படம் பிடித்தல், மதியம் இறக்கம், மாலை பரோட்டா, இரவு பஸ். திங்கள் விடியலில் பெருங்களத்தூரில் இறங்கினால் ஒன்பதரைக்கு லாகின். இந்தக் கணக்கில் எங்கேயும் ஒரு மணி நேரம் கூட மிச்சமில்லை. மழை வந்தால், ஒருவருக்குக் கால் பிசகினால், வழியில் யானை நின்றால், காட்டில் தீ தெரிந்தால் இந்தக் கணக்கு உடைய வேண்டும். உடைக்க மனசு வராமல் போவதுதான் ஆபத்து. உயரமோ, சரிவோ, விலங்கோ அதற்கு அப்புறம்தான்.

மலைக்குப் போவது நமக்குப் புதிதா?

டிரெக்கிங் என்கிற சொல்தான் புதிது. பௌர்ணமிக்கு இதே கிளாம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் சிறப்புப் பேருந்துகள் விடுகிறார்கள். கிரிவலம் சுற்றுகிற கூட்டத்தில் ஒரு பகுதி போளூர்ப் பக்கம் பர்வதமலைக்கும் போகும். சுமார் 4,500 அடி உயரம்; நள்ளிரவில் ஏறத் தொடங்கி விடியலில் மேலே மல்லிகார்ஜுனரைப் பார்ப்பது பழைய வழக்கம். மேல் பகுதியில் பாறையில் அடித்த கடப்பாரைகளையும் சங்கிலியையும் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். கீழே என்ன இருக்கிறது என்று இருட்டில் தெரியாது, தெரியாதது நல்லது. அறுபது வயதுப் பாட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலில், இரும்பை ஒரு கை மாற்றி ஒரு கை பிடித்து ஏறுவார். பின்னால் எட்டாயிரம் ரூபாய் ஷூ போட்டவர் மூச்சு வாங்கி நிற்பார்.

பக்திக்குப் போகிறவர்களைப் பற்றி மிகைப்படுத்திப் பேசவும் வேண்டாம். வெள்ளியங்கிரியின் ஏழு மலை ஏறுகிறவர்களில் ஆண்டுதோறும் சிலர் மாரடைப்பிலும் மூச்சுத்திணறலிலும் இறக்கிறார்கள். மேலே சாமி பார்த்துக்கொள்வார் என்று கீழே மாத்திரையை மறந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஆனால் அடியார் கூட்டத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. புதிதாக வருகிறவன் முன்பு பல தடவை ஏறிய ஒருவர் பின்னால்தான் போவான். எந்தச் சுனையில் தண்ணீர் இருக்கும், எந்த இடத்தில் உட்காரலாம், எப்போது திரும்பிவிட வேண்டும் என்பதை அந்த ஒருவர் சொல்வார். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. புறநகர் வாட்ஸ்அப் குழுக்கள் உருவானபோது ஷூ வந்தது, ஜி.பி.எஸ். வந்தது, கூடாரம் வந்தது. அந்த ஒருவர் மட்டும் பல குழுக்களில் வரவில்லை.

குரங்கணி

2018 மார்ச் 10, சனிக்கிழமை. போடிநாயக்கனூருக்கு மேலே இருக்கும் குரங்கணியிலிருந்து இரண்டு குழுக்கள் மலையேறின. ஒன்று சென்னையிலிருந்து மகளிர் தினத்தையொட்டிப் போனது, பெரும்பாலும் பெண்கள். இன்னொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் குழு. இரண்டும் சேர்த்து 30-க்கும் மேற்பட்டோர். இரவு கொழுக்குமலையில் தங்கிவிட்டு ஞாயிறு மதியம் ஒத்தமரம் வழியாகக் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது புல்வெளியில் தீ சூழ்ந்தது. சம்பவ இடத்திலும் பின்னர் மதுரை, சென்னை மருத்துவமனைகளிலுமாக 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் பெற்றிருந்த அனுமதி குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் பாதைக்கு மட்டும்தான், கொழுக்குமலைப் பாதைக்கு இல்லை என்று அரசு சொன்னது. அரசு உயரதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது.

அந்தப் பாதையின் பழங்கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூணாறு எஸ்டேட்டுகளின் தேயிலை ஒரு காலத்தில் குண்டளை பள்ளத்தாக்கு வழியே ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவட ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் துறைமுகத்துக்குப் போனது. 1924 வெள்ளம் மேலே இருந்த ரயில் பாதையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. ஆட்கள் நடந்த பாதைகள் மிஞ்சின. எஸ்டேட் தொழிலாளர்கள் சுமையோடு ஏறி இறங்கிய பாதைகளில்தான் இன்று நாம் பொழுதுபோக்குக்கு நடக்கிறோம். அவர்கள் மார்ச் மாத மதியத்தில் அந்தப் புல்வெளியில் நின்று வேடிக்கை பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏனென்றால் மார்ச்சில் அந்தப் புல் வேறு பொருள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடிகிறது. ஜனவரிப் பனியில் வெளுத்து, பிப்ரவரி வெயிலில் காய்ந்து, மார்ச்சில் ஆள் உயரத்துக்கு நிற்கும். இந்த மலைச்சரிவுகளில் சுக்குநாறிப் புல் மாதிரி எண்ணெய் உள்ள புல் வகைகளும் உண்டு. பிடித்தால் பட்டாசு மாதிரி படபடவென்று எரியும். தீக்குச் சரிவு பிடிக்கும். கீழிருந்து எழும் வெப்பம் மேலே நிற்கும் புல்லை முன்கூட்டியே சுட்டுக் காயவைத்துவிடுவதால், சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்களின் கைக்கணக்கு. 20 டிகிரியில் நான்கு மடங்கு. 30 டிகிரியில் எட்டு மடங்கு. மனிதனுக்கோ நேர் எதிர்; சரிவு கூடக் கூட வேகம் பாதியாகும். மேலே ஓடித் தப்பிக்கலாம் என்று தோன்றுவது இயற்கை. காட்டுக்காரர் அப்படி ஓட மாட்டார். ஏற்கெனவே எரிந்து கரியான தரைக்குப் போவார், வெறும் பாறைக்குப் போவார், அல்லது மடிப்புக்குள் ஈரமாக நிற்கும் சோலைக்குள் நுழைவார். சோலைக்குள் தரை நனைந்திருக்கும், அவ்வளவு எளிதில் பற்றாது.

இதெல்லாம் படித்தால் புரியும். புகைக்குள் நிற்கும்போது, எந்தப் பக்கம் பாறை, எந்த மடிப்பில் சோலை என்று அந்த மண்ணில் பிறந்தவருக்குத்தான் தெரியும். அன்று மாலை முதலில் மேலே ஓடியவர்களும் அவர்கள்தான். குரங்கணி ஊர்க்காரர்களும் எஸ்டேட் தொழிலாளர்களும் போர்வையில் கட்டித் தூக்கி, இருட்டில் பலரை இறக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் அடுத்து வந்தார்கள்.

இறந்தவர்களைக் குறை சொல்கிற பேச்சு அப்போது நிறைய எழுந்தது. பொம்பளைப் பிள்ளைகளுக்குக் காட்டில் என்ன வேலை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மேலேயே திருப்பிப் போடுவதுதான் சரி. வாரத்துக்கு ஐந்து நாள் கணினி முன் உட்கார்ந்தவர்கள் இரண்டு நாள் மலைக்குப் போக நினைத்தார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. தீக்காலத்தில் அந்தப் பாதையில் ஆளைவிட்டது யார், கூட அந்த ஊர் ஆள் இருந்தாரா, இறங்கும் நேரத்தை எந்த பஸ் தீர்மானித்தது என்பவைதான் கேட்க வேண்டியவை.

அனுமதிச் சீட்டுக்குப் பின்னால்

குரங்கணிக்குப் பிறகு முதலில் வந்தது தடை. அடுத்து அதே ஆண்டு காட்டுப் பகுதிகளில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. தடங்களை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள். இடையில் கொரோனா. புறநகர்க் குழுக்கள் இந்தக் காலத்தில் ஆந்திரப் பக்கம் ஒதுங்கின. தடா அருவியும் நாகலாபுரமும் சனிக்கிழமைகளில் தாம்பரம் மாதிரி ஆகின. கட்டுப்பாடு ஒரு பக்கம் இறுகினால் கூட்டம் கட்டுப்பாடு இல்லாத பக்கம் வழியும். தடாவின் குளங்களில் நீச்சல் தெரியாமல் இறங்கி உயிரைவிட்ட இளைஞர்களின் செய்திகளை நாளிதழ்களின் சென்னைப் பதிப்புகளில் நாம் தொடர்ந்து படித்தோம்.

2024 அக்டோபர் 24-ல் ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தை வனத்துறை தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 தடங்கள். இணையத்தில் பதிவு, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், ஒவ்வொரு குழுவோடும் பயிற்சி பெற்ற வழிகாட்டி. வழிகாட்டிகள் பெரும்பாலும் பழங்குடி இளைஞர்கள், காட்டோரக் கிராமத்தவர்கள். நீலகிரியின் கெய்ர்ன் ஹில், லாங்வுட் சோலை போன்று குழந்தையோடு நடக்கக் கூடியவையும் உண்டு. பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்தி நோக்கிப் போகும் மூச்சுமுட்டும் தடமும் உண்டு. பட்டியலில் குரங்கணியும் இருக்கிறது, சாம்பலாறு வரை. தீக்காலமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தடங்கள் மூடியிருக்கும்.

அறிவித்ததுமே எழுந்த சத்தம் கட்டணத்தைப் பற்றியது. காட்டில் நடக்க ஆயிரக்கணக்கில் பணமா, வெள்ளைக்காரன் கூட இப்படிக் கேட்கவில்லையே என்று சமூக ஊடகங்களில் வறுத்தெடுத்தார்கள். சில வாரங்களில் கட்டணத்தைக் குறைத்தார்கள். குறைத்தது நல்லது, தடத்தின் ஓரத்தில் வாழும் பள்ளிக்கூடப் பையனும் அந்தத் தடத்தில் நடக்க முடிய வேண்டும். ஆனால் மகாபலிபுரம் சாலை ரிசார்ட்டில் ஒரு நாள் அறைக்கு யோசிக்காமல் கார்டு தேய்க்கிறவர்கள், நாள் முழுக்கக் கூட நடந்து உயிரைக் காக்கிற ஒருவரின் கூலிக்கு மூக்கால் அழுவது வேடிக்கைதான்.

அந்த ஒருவர் என்ன செய்கிறார் என்பதை மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு தடத்தில் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் வழிகாட்டி பளியர் பழங்குடி இளைஞர், வயது இருபத்தைந்து இருக்கலாம், கையில் ஒரு கொக்கி அரிவாள், காலில் ரப்பர் செருப்பு. பெருங்குடிக் கம்பெனி ஒன்றின் ஆறேழு பையன்கள் எங்களோடு. பாதையில் யானை விட்டை. அவர் குனிந்து புறங்கையை அதன் மேல் வைத்தார். விரலால் ஓரத்தை உடைத்தார். உள்ளே மூங்கில் நார் பளபளவென்று ஈரமாக இருந்தது. சாணி வண்டுகள் இன்னும் வந்து சேரவில்லை. பக்கத்தில் ஒடிந்த கிளையின் நுனியில் பால் வடிந்துகொண்டிருந்தது. எங்களைக் கையமர்த்திவிட்டு நின்றார். காற்று எங்கள் பக்கமிருந்து பள்ளத்தை நோக்கி வீசியது. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“அண்ணே, எவ்வளவு நேரம் நிக்கணும்? எட்டரைக்கு எங்களுக்கு பஸ்” என்றான் ஒரு பையன்.

“அதுகிட்டதான் கேக்கணும் சார்” என்றார் அவர், பள்ளத்தைக் காட்டி.

அரை மணி நேரத்துக்கு மேல் நின்றோம். அந்த நேரம் முழுக்கப் பையன்களின் பார்வை கைக்கடிகாரத்தில். அவர் பார்வை மூங்கில் புதரின் அசைவில். பிறகு வந்த வழியே கொஞ்சம் பின்வாங்கி, பாறைப் பக்கம் சுற்றிக் கூட்டிப் போனார். அன்று யானையை நாங்கள் பார்க்கவில்லை. யானையைப் பார்க்காமல் திரும்புவதுதான் ஒரு வழிகாட்டியின் திறமை என்பது அந்தப் பையன்களுக்குப் பஸ்ஸில் ஏறிய பிறகு புரிந்திருக்கலாம். அவர்கள் பஸ்ஸைப் பிடித்தார்களா என்பது எனக்குத் தெரியாது.

வழிகாட்டிகளிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே குறைதான் சொல்கிறார்கள். வருகிறவர்கள் நடக்கத் தெரியாதவர்கள் என்று அவர்கள் சொல்வதில்லை. நேரம் கேட்கிறார்கள் என்கிறார்கள். இன்னும் எவ்வளவு தூரம், இன்னும் எவ்வளவு நேரம், குறுக்கு வழி இருக்கா? காட்டில் குறுக்கு வழி கேட்கிறவனை எப்படிச் சமாளிப்பது என்பதற்குப் பயிற்சியில் ஒரு பாடம் வைக்கலாம்.

தண்ணீரும் அட்டையும்

தீயைப் பற்றிப் பேசிய அளவுக்கு நாம் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. 2015 மே மாதம் சதுரகிரி மலையில் கோடை மழைக்குத் திடீரென்று காட்டாறு பெருகிப் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். நிற்கிற இடத்தில் மழை பெய்யாமலே வெள்ளம் வரும் என்பதுதான் மலையாற்றின் குணம். மேலே இருக்கும் உச்சியில் கொட்டியது கீழே ஓடைக்கு வரும்போது நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். தண்ணீரின் நிறம் மாறினால், சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால், செல்ஃபியை விட்டுவிட்டுக் கரையேற வேண்டும். 2019 ஆகஸ்ட் 8-ல் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. சென்னையில் ஒரு வருடத்தில் பெய்வதில் பாதிக்கும் மேல். 2015 டிசம்பரில் முடிச்சூர் எப்படி மிதந்தது என்று பார்த்தவர்களுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை.

மழைக்காலக் காட்டில் புறநகர்க்காரர்களை அலறவைப்பது வெள்ளமோ யானையோ இல்லை, அட்டை. சோலைப் பாதையில் ஈரச் சருகின் மேல் நூல் மாதிரி எழுந்து நின்று, நம் உடல் சூட்டையும் மூச்சையும் மோப்பம் பிடித்து ஆடும். ஷூ லேஸ் துளை வழியே உள்ளே போகும். கடித்தது தெரியாது, கழற்றும்போது சாக்ஸ் சிவந்திருக்கும். பொதுவாக நோய் கொண்டுவராது, ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், அவ்வளவுதான். பிய்த்து இழுக்காமல் உப்போ, புகையிலைத் தண்ணீரோ வைத்தால் தானே விட்டுவிடும். மலைக்காரர்கள் மூக்குப்பொடியும் வேப்பெண்ணெயும் குழைத்துக் காலில் பூசுகிறார்கள். நானூறு ரூபாய்க்கு அட்டை சாக்ஸ் விற்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை.

இவ்வளவையும் தாண்டி மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால், அங்கே போய் நின்றால்தான் தெரியும் என்று சொல்லித் தப்பிக்கலாம். கொஞ்சம் சொல்கிறேன். ஆறாயிரம் அடிக்கு மேலே மேற்குத் தொடர்ச்சி மலை வேறொரு நாடு. புல்வெளி, அதன் மடிப்புகளில் கட்டையான மரங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் சோலை, மீண்டும் புல்வெளி. மரத்தண்டு முழுக்கப் பாசி. சோலையின் தரை குடித்த மழை ஜனவரியிலும் ஊற்றாகக் கசியும். பவானியும் வைகையும் தாமிரபரணியும் இப்படிப்பட்ட கசிவுகளில் தொடங்குபவைதான். பாறை விளிம்பில் வரையாடு. தமிழகத்தில் 2024 கணக்கெடுப்பில் 1,031 இருந்தவை 2025-ல் 1,303 என்று கணக்கு வந்தது. கீழே ஆயிரம் அடிப் பள்ளம் இருக்க, அந்த ஆடு விளிம்பில் நின்று அசைபோடுவதைப் பார்த்தவர்கள் கடப்பாரைப் படியில் தாங்கள் பிடித்த பிடியைப் பற்றிப் பெருமை பேச மாட்டார்கள்.

வீட்டுப் பக்கத்துக் காடு

இதற்கெல்லாம் பயிற்சி எங்கே? உடற்பயிற்சி நிலையத்து ஓட்டப் பட்டையில் கால் பழகாது. திருநீர்மலைப் படியில் ஏறி இறங்கிப் பாருங்கள். திருக்கழுக்குன்றத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மூச்சைப் பாருங்கள். இரண்டும் பஸ் தூரம்.

பாதங்களுக்கு மட்டும் இல்லை, கண்ணுக்கும் பயிற்சி வேண்டும். அதற்குத் தென்சென்னை போல் வசதியான இடம் குறைவு, நாம்தான் கவனிப்பதில்லை. மேடவாக்கம் பக்கம் நன்மங்கலத்தில் சுமார் 320 ஹெக்டேர் காப்புக்காடு இருக்கிறது. பழைய கல்குவாரியின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை குடியிருக்கும். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து மாறி வந்தபோது கிடைத்தது பல நூறு ஏக்கர் புதர்க்காடு. அங்கே வேதியியல் சொல்லிக்கொடுத்த எட்வர்ட் பார்ன்ஸ் விடுமுறைகளில் தென்னிந்திய மலைகளில் அலைந்து செடி சேகரித்தவர். நீலகிரியில் வளரும் ஒரு கொடிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். தாம்பரத்திலிருந்து மலைக்குப் போவதற்கு அவர் ஒரு நல்ல முன்னோடி. அவசரமில்லாமல் போனவர், கையில் பூதக்கண்ணாடியோடு போனவர்.

பல்லாவரத்துக்காரர்களுக்கு இன்னும் பழைய உரிமை ஒன்று உண்டு. 1863 மே 30-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்துச் சரளைக் குழியில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலத்தைப் பற்றிய ஆய்வு தொடங்கியது அந்தக் கல்லில்தான். சில மாதங்களில் அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறைய எடுத்தார்கள். அங்கே கிடைத்த கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டு வரை போகிறது என்று 2011-ல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவின் ஆய்வு சொன்னது. அத்திரம்பாக்கத்துக்கு அருகே குடியம் குகைக்குப் போகும் காட்டுப் பாதை இன்று ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 தடங்களில் ஒன்று. தாம்பரத்திலிருந்து விடியலில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். முதல் தடவை காட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் குடியத்தைத்தான் சொல்வேன். பெரிய ஏற்றமில்லை, கூழாங்கல் பாறையில் குடைந்த மாதிரி நிற்கும் பிரமாண்டமான குகைக் கூரை, சுற்றிலும் முள்காடு. வெயில்தான் பிரச்சினை, தண்ணீரை நினைத்ததைவிட இரண்டு மடங்கு எடுத்துப் போங்கள்.

வழிகாட்டி அறிவும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1978-ல் தொடங்கிய, வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்கள் மண்ணில் விழுந்த கோட்டைப் பார்த்து எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்கிறவர்கள். அவர்களில் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த வழியாக ரிசார்ட்டுக்குப் பறக்கிற கார்களில் எத்தனை பேர் நின்று பார்த்திருப்பார்கள்?

புதன்கிழமைக் காடு

திரும்பவும் கிழமைக்கு வருகிறேன். காட்டுக்குள் நெரிசல் இரண்டு நாள்தான். சனி, ஞாயிறுக்குப் பதிவு செய்யப் போட்டி. பொங்கல், ஆயுத பூஜை, சுதந்திர தினம் ஒட்டி வரும் நீண்ட விடுமுறைகளில் சொல்லவே வேண்டாம். மீதி ஐந்து நாள் அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் காவலர் தனியாக உட்கார்ந்திருப்பார். வழிகாட்டி இளைஞர் அந்த நாட்களில் தோட்ட வேலைக்கோ, தேன் எடுக்கவோ போகிறார். தீக்காலத்தில் தடம் மூடியிருக்கும் இரண்டு மாதங்களில், தீத்தடுப்புக் கோடு வெட்டவும் காவல் காக்கவும் வனத்துறைக்கு உள்ளூர் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். அந்த வேலை இவர்களுக்கே முதலில் போக வேண்டும். காட்டைக் காட்டிச் சம்பாதிக்கிறவருக்குக் காடு எரியாமல் இருப்பதில் நம் எல்லோரையும்விட அக்கறை அதிகம்.

வார நாட்களில் வருகிறவர்களுக்குக் கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்தால் என்ன? வழிகாட்டிக்கு வாரம் முழுக்க வேலை கிடைக்கும், தடத்தில் மிதிபடும் மண் கொஞ்சம் மூச்சு விடும், வருகிறவரும் திங்கட்கிழமை லாகினுக்கு ஓட வேண்டியிருக்காது. இதற்குப் பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகள் நினைத்தால் பெரிய உதவி செய்யலாம். வருடத்துக்கு ஒரு நாள், வார நாளில், ‘டீம் அவுட்டிங்’ என்று ரிசார்ட்டுக்குக் கூட்டிப் போய் நீச்சல் குளத்தோரம் காது கிழிய ஸ்பீக்கர் வைக்கிறார்களே, அந்த பட்ஜெட்டில் பன்னிரண்டு பேர் ஜவ்வாது மலையிலோ ஏலகிரியிலோ வழிகாட்டியோடு இரண்டு நாள் நடந்துவிட்டு வரலாம். லீவு கணக்கிலும் கழிய வேண்டாம். அடுத்த காலாண்டுக்கான பட்டியலை எச்.ஆர். துறையினர் இப்போதே போட்டுக்கொண்டிருப்பார்கள். பிப்ரவரி 15-க்கு முன்னாலோ, ஏப்ரல் 15-க்குப் பின்னாலோ ஒரு செவ்வாய், புதனைக் குறித்துக்கொண்டால் போதும்.